களாமேட்டு ஜோடி

ஹைதராபாத்
18.1.2001

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தமிழ்வாணன் எழுதுகிறேன். நான் இங்கே சுகம். பொங்கலுக்கு வர முடியாமல் போனதில் உனக்குக் கோபம் இருக்கும், அதைக் கடிதத்தில் திட்டித் தீர்த்துக்கொள். மாமாவுக்கு ஃபேக்டரியில் இன்னும் நைட் ஷிப்ட் வாட்ச்மேன் வேலைதானா? சுபஸ்ரீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாளா, டி.வி. பார்க்கிறாளா?

மனிதர்களை விசாரித்தாகிவிட்டது. இனி நம் வழக்கப்படி ஊர் மேய்க்கால் புல்வெளியின் கவுதாரிகள். களாமேட்டு ஜோடி சுகமா? ஈச்சங்குட்டைக்காரர்கள் இந்த வருஷமும் அதே புதரில்தான் அடைகிறார்களா? மொட்டைப்பனை ஜோடி? சுடுகாட்டு வேலியில் போன வருஷம் ஏழு குஞ்சு என்று எழுதியிருந்தாய், அதில் எத்தனை தேறியது? நீ எழுதுகிற எண்ணிக்கையை மூன்று வருஷமாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. ஒரு இடத்தில் ஆலை வருவதற்கு முன்னால் அங்கே என்ன மரம், என்ன பறவை, என்ன தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் கம்பெனி. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். விலங்கியல் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்ட ஊர்க்காரர்களிடம் சொல்லு.

உன் தம்பி,
தமிழ்வாணன்

*

வடக்குப்பட்டு
9.2.2001

அன்புத் தம்பி தமிழ்வாணனுக்கு,

அக்கா ராஜாமணி எழுதிக்கொண்டது. கடிதம் வந்தது. மாமாவுக்கு இருமல் விட்டபாடில்லை. சுபஸ்ரீ படிக்கிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் ஆகவில்லை.

களாமேட்டு ஜோடி இருக்கிறது. சேவல் விடிகாலையில் எங்கள் வாசல்வரை கேட்கிற மாதிரி கூப்பிடுகிறது. ஈச்சங்குட்டையிலும் உண்டு. மொட்டைப்பனை ஜோடியை மட்டும் கேட்காதே. போன ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் நாலு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டையும் காலைக் கட்டி முன் சீட்டில் போட்டிருந்தார்கள்.

"இன்னாய்யா, உங்க வூட்டுக் கோழியா?" என்று கேட்டேன்.

"காட்டுப் பறவைம்மா, யாருக்கும் சொந்தமில்ல" என்று சிரித்தான் ஒருவன்.

"சொந்தமில்லன்னா எதுக்குய்யா கை வெக்கிற?"

ஜீப் நம்பரை எழுதி ஸ்டேஷனில் கொடுத்தேன். கவுதாரிக்கெல்லாம் கேஸா என்று அங்கேயும் சிரிப்பு. யாரைப் பார்த்தாலும் எனக்கு இப்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பின் அறையைத் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கொம்பையா என்று பெயர், கார் கம்பெனியில் லைனில் வேலை. பெண்சாதி உலகம்மாள். விறகு பொறுக்க என்னோடு மேய்க்காலுக்கு வந்தவள், "யக்கா, இது என்னத்துக்குப் புல்லுக்குச் சடை போட்டு வச்சிருக்கீய?" என்று கேட்டாள். கவுதாரி தரையில் முட்டை வைக்கும், பார்த்தவர்கள் பக்கத்துப் புல்லின் நுனியைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைப்போம், ஆடு ஓட்டுகிறவனும் விறகு வெட்டுகிறவளும் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள் என்று சொன்னேன். போன வருஷத்து முடிச்சு ஒன்று இன்னும் அவிழாமல் நின்றது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மேய்க்காலில் தொண்ணூறு ஏக்கரையும் வார்ப்பட ஆலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். பஞ்சாயத்து ஆபீசில் பேச்சு. உன் மாமா "வரட்டும் வுடு, சுபாவுக்கு ஒரு வேல கெடைக்கும்" என்கிறார். உன் வேலையே இதுதான் என்கிறாயே, இதற்கு என்ன வழி? உடனே எழுது.

ராஜாமணி

*

ஹைதராபாத்
4.3.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவின் இருமலுக்கு வேலை நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கச் சொல். சுபஸ்ரீக்கு என் வாழ்த்து.

மொட்டைப்பனை ஜோடியை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நீ பயப்படாதே. ஆலைக்காரர்கள் நினைத்த உடனே கட்டிவிட முடியாது. என்னைப் போல் ஒருவன் வந்து பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். பிறகு ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடம் என்று ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் முழு நிலத்தையும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். சும்மா "நிறைய இருக்கிறது" என்றால் எடுபடாது. எந்த இடத்தில், எத்தனை கூடு என்று கணக்கு வேண்டும்.

பங்குனியில் முட்டை வைக்க ஆரம்பித்ததும் முடிச்சுகள் எங்கெங்கே என்று அடையாளம் சொல்லி எனக்கு எழுது. சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது என் பொறுப்பு.

களாமேட்டு ஜோடியைக் கேட்டதாகச் சொல்.

தமிழ்வாணன்

*

வடக்குப்பட்டு
8.4.2001

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லோரும் சுகம். சுபஸ்ரீ பரீட்சை முடித்துவிட்டாள். உன் கடிதம் வந்த பிறகு எனக்குத் தெம்பு வந்தது, அதைச் சொல்ல வேண்டும். வீட்டில் படித்தவன் ஒருவன் இருப்பது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

பத்து நாளாக அலைந்தேன். மொத்தம் பதினோரு முடிச்சு. என் கையால் போட்டவை ஆறு. ஈச்சங்குட்டையின் கிழக்குக் கரையில் இரண்டு, நடுவில் ஒரு காரைச்செடி. சுடுகாட்டு வேலியில் வடமூலையிலிருந்து இருபது தப்படியில் ஒன்று. வண்டிப்பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது கைப்பக்கம் ஒன்று. பழைய செங்கல் கிணற்றுக்கு மேற்கே இரண்டு. மீதி ஐந்தும் ஆடு மேய்க்கும் ராமன் போட்டது. அவனை உட்கார வைத்துக் கேட்டு, அவன் சொன்ன அடையாளங்களை சுபஸ்ரீ தனித்தாளில் எழுதியிருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுதான் களாமேடு. அந்த மேடு நாலு ஏக்கர். ராமன் சொல்வது எனக்கே சரியாக விளங்கவில்லை. உனக்கு விளங்கும், நீங்கள் இரண்டு பேரும் அங்கே உருண்டு வளர்ந்தவர்கள்தானே.

ராமனுக்குச் சந்தேகம். "எழுதிக் குடுத்தா எவனாச்சும் வந்து முட்டைய எடுத்துகினு பூடுவான்க்கா" என்றான். என் தம்பியிடம்தானே கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

கிடைத்ததும் பதில் போடு.

ராஜாமணி

*

ஹைதராபாத்
12.5.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். வேலை அதிகம், நடுவில் காய்ச்சலும் வந்தது. அதனால்தான் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

மாமா எப்படி இருக்கிறார்? சுபஸ்ரீக்கு ரிசல்ட் எப்போது? கொம்பையா குடும்பத்தைக் கேட்டதாகச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெயிலில் அதிகம் வெளியே போகாதே.

ஆறு மாதம் முடியும் முன்பே என் வேலை நிரந்தரமாகிவிட்டது. கம்பெனியில் நல்ல பெயர்.

வேறு விசேஷம் இல்லை.

தமிழ்வாணன்

*

வடக்குப்பட்டு
27.5.2001

தமிழ்வாணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரையும் கேட்டிருக்கிறாய். வாடகைக்கு இருப்பவர்களைக்கூடக் கேட்டிருக்கிறாய். களாமேட்டு ஜோடியைக் கேட்கவில்லை. நான் அனுப்பிய கணக்கு வந்ததா என்றுகூட ஒரு வரி இல்லை. காய்ச்சலில் மறந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். எழுதப் போவதைப் படித்துவிட்டு நீயே சொல்.

ஏப்ரல் 24ஆம் தேதி இரண்டு ஜீப்பில் ஆட்கள் வந்து மேய்க்காலைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அன்றைக்கு நானும் மாமாவும் சுபஸ்ரீயும் மண்ணூரில் நாத்தனார் மகளின் சடங்குக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கேள்விப்பட்டபோது, தம்பி சொன்ன ரிப்போர்ட்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். மூளை கெட்டவள்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி, கல் நட்டு அளவெடுக்கப் புல்லை அறுத்துப் பாதை போட வேண்டும் என்று கான்ட்ராக்டர் ஆள் கேட்டான். சித்திரை பிறந்தால் ஆவணி வரைக்கும் நம் ஊரில் எவளும் மேய்க்காலில் அரிவாள் வைத்ததில்லை. முடியாது என்றோம். அப்படியானால் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்றான். வெளியூர்க்காரிகளுக்கு முடிச்சு தெரியாது. நாமே போனால் முடிச்சைச் சுற்றி ஒதுக்கி அறுக்கலாம் என்று யோசித்து, ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு நானே முன்னால் போனேன்.

களாமேட்டிலிருந்து ஆரம்பித்தோம். ராமன் போட்ட முடிச்சு எந்தத் தூரில் என்று எனக்குத் தெரியாது. முடிச்சு நிற்கும், கண்ணில் படும் என்ற தைரியத்தில் குனிந்து அறுத்துக்கொண்டே போனேன். முடிச்சே இல்லை. அடைகாக்கிற பெட்டை கிட்டே போனாலும் எழும்பாது, உனக்குத் தெரியும். அரிவாளில் ஏதோ மெத்தென்று பட்டது.

பெட்டையின் கழுத்து பாதி அறுந்து கிடந்தது. அடியில் ஏழு முட்டை. நாலு உடைந்துவிட்டது. ஒன்றில் குஞ்சு உருவாகி இருந்தது. தம்பி, என் கை. வேறு யார் கையாக இருந்திருந்தாலும் அவள் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருப்பேன்.

அரிவாளைப் போட்டுவிட்டு என் ஆறு முடிச்சையும் பார்க்க ஓடினேன். ஒன்றுகூட இல்லை. புல் இருக்கிறது, முடிச்சு இல்லை. ஆடு தின்றிருந்தால் நுனி இருக்காது. காற்றில் நம் முடிச்சு அவிழாது. அறியாதவன் இழுத்தால் புல் அறுந்து கையோடு வரும். இது ஒவ்வொரு தாளாகப் பிரித்து, அவிழ்த்து, நீவி விட்டது. மடங்கின இடத்தில் வளைவு மட்டும் அப்படியே இருந்தது. பதினொன்றும் அப்படி.

புதிதாக வந்தவள் உலகம்மாள்தானே என்று அவளைத் தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நான் எதுக்குக்கா அவுக்கப் போறேன்? அன்னைக்கு ஜீப்புல வந்தவிய எல்லாம் மரத்தடியில சோறு தின்னுக்கிட்டு இருந்தாவ. ஒருத்தர் மட்டும் தொப்பி போட்டுக்கிட்டு, கையில தாளு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு எடமா குத்தவச்சு அவுத்துக்கிட்டே போனாவ. ஆபீசருன்னு நெனச்சேன்."

கையில் தாள். எந்தத் தாள் என்று நீ சொல்.

ராஜாமணி

*

ஹைதராபாத்
15.6.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் படித்து மிகவும் வருந்தினேன். நீ வேண்டுமென்று செய்ததல்ல, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். அளவெடுக்க வருகிற எல்லோர் கையிலும் ஏதாவது தாள் இருக்கும். ஆதாரம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படுவது நல்லதல்ல.

நானும் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் முழுவதும் ஆலைகள் வந்துகொண்டிருக்கின்றன. வல்லம் வடகாலைப் பார், ஒரகடத்தைப் பார். நம் மேய்க்கால் மட்டும் தப்புமா? எதிர்த்து நின்று கெட்ட பெயர் வாங்குவதைவிட சுபஸ்ரீக்கு ஒரு வேலை கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. செங்கல் கிணற்றின் கைப்பிடிச் சுவர் தெற்குப் பக்கம் முழுவதும் இடிந்து கிடக்கிறது, புல் மூடி வெளியே தெரியவில்லை. சுபஸ்ரீயை அந்தப் பக்கம் விடாதே. உலகம்மாளிடமும் சொல்லி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தமிழ்வாணன்

*

வடக்குப்பட்டு
2.7.2001

தமிழ்வாணனுக்கு,

இந்தக் கடிதத்தில் சுக விசாரிப்பு இல்லை.

செங்கல் கிணற்றுச் சுவர் சித்திரை ஐந்தாம் தேதி பெய்த கோடை மழையில் இடிந்தது. ஜீப் வந்ததற்கு ஆறு நாள் முன்னால். நான் உனக்கு எழுதவில்லை. உன் மாமா கையில் பேனா பிடிப்பதே சம்பளக் கையெழுத்துக்குத்தான். சுபஸ்ரீயைக் கேட்டேன், அவளும் எழுதவில்லை. தெற்குப் பக்கச் சுவர் புல்லுக்குள் கிடப்பது, கிணற்றருகே போய்க் குனிந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

என் மகள் விழுந்துவிடக் கூடாது என்று உனக்குப் பதைத்திருக்கிறது. அந்தப் பாசம் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

ஊருக்கு வந்திருக்கிறாய். கிணற்றிலிருந்து நம் வீட்டுக் கூரை தெரியும். நாங்கள் மண்ணூர் போயிருந்தது அன்றைக்கு உனக்குத் தெரியாது. நான் வீட்டில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேதான், தொப்பியை இழுத்துவிட்டு, நான் அனுப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திருடனைப் போல் குத்தவைத்து அவிழ்த்திருக்கிறாய். கூடு இருக்கிற இடத்தைக் காட்டத்தானே அந்தத் தாள். ராமன் சந்தேகப்பட்டான், நான் அவனை அதட்டினேன். இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உலகம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நீ செய்ததற்கு நான் கேட்டேன்.

ரிப்போர்ட் நகல் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்திருக்கிறது. சுபஸ்ரீ படித்துச் சொன்னாள். "தரையில் கூடு கட்டும் பறவைகள் எவையும் காணப்படவில்லை." பார்த்த நேரம் காலை பதினொன்றரை முதல் இரண்டரை வரை. சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதில் எந்தக் கவுதாரி கூப்பிடும்? காலடியில் இருந்தாலும் அசையாதே. படிக்காதவன் அந்த நேரத்துக்கு வந்தால் அறியாமை. நீ வந்தது கெட்டிக்காரத்தனம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன்னை அனுப்பினார்கள், நீ சோறும் உன் அக்காள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாய். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. அந்தத் 'த'வின் சுழியை எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 28ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் கருத்துக் கேட்கிறார்கள். மூன்று வருஷமாக நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கவுதாரிகளைப் பெயர் சொல்லிக் கேட்பது போல் விசாரித்திருக்கிறாய். அவற்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.

ராஜாமணி

*

ஹைதராபாத்
14.7.2001

அக்கா,

நான்தான். மறைத்து இனிப் பயனில்லை.

கிளம்பும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார், இதில் பறவை கிறவை என்று ஏதாவது ஏறினால் அடுத்த வேலை நமக்கு வராது, உன்னை நிரந்தரமாக்குவதும் இதைப் பொறுத்துத்தான் என்று. நம் ஊர் என்று சொன்னேன். அப்படியானால் உனக்குத்தான் நன்றாகத் தெரியும், நீயே போ என்றார். ஆலைக்காரர்கள் போட்டோ எடுக்க ஆள் கூட்டி வந்திருந்தார்கள். முடிச்சுகள் போட்டோவில் விழுந்தால் யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று பயந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முட்டைக்கும் கேடு வரக் கூடாது என்றுதான் புல் அறுந்துவிடாமல் அவிழ்த்தேன். சித்திரையில் நம் ஊரில் யாரும் மேய்க்காலில் அரிவாள் வைக்க மாட்டார்களே, முடிச்சு இல்லாவிட்டாலும் குஞ்சு பொரித்துப் போய்விடும் என்று நினைத்தேன். நீயே அரிவாளோடு போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வர நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அதனால் வரவில்லை.

அந்தக் கடிதங்களைக் கொடுத்துவிடாதே அக்கா. வேலை போவது மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எங்கேயும் யாரும் சேர்க்க மாட்டார்கள். நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இதை மட்டும் செய்யாதே.

தமிழ்வாணன்

*

வடக்குப்பட்டு
3.9.2001

தமிழ்வாணனுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் "உனக்குத்தான் நன்றாகத் தெரியும், நீயே போ" என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர்களுக்கு விற்றிருக்கிறாய். நாங்கள் சித்திரையில் அரிவாள் வைக்க மாட்டோம் என்ற வழக்கத்தைக்கூட உன் வசதிக்குக் கணக்கில் எடுத்திருக்கிறாய்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நம் ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் போனோம். உன் மாமா வரமாட்டேன் என்றவர், ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் மேய்க்காலில் கவுதாரி இருக்கிறது, முட்டை வைக்கிறது என்றேன். ஆலைத் தரப்பில் ஒருவர், "ரிப்போர்ட்ல இல்லியேம்மா. பிரியாணிக்குப் பத்தலைன்னு கவலையா?" என்றார். சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?" என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி கேட்டார். உன் கடிதங்கள் இருந்த மஞ்சப்பையை அவர் மேஜையில் கவிழ்த்தேன். அதைக் கீழே தள்ளச் சொல்லாமல், ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பிறகு ஒன்றை மைக்கில் வாசித்தார். 1998 கார்த்திகையில் நீ எழுதியது. "களாமேட்டு ஜோடி சுகமா? ஈச்சங்குட்டையில் ஒன்பது என்று எழுதியிருந்தாயே, மழைக்குப் பிறகு எண்ணினாயா?" திரும்பவும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்ததை வாசித்தார். அதற்கடுத்ததை வாசித்தார். நாலாவது கடிதத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

 உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தக் களாமேட்டில் பழம் பறித்தது நினைவுக்கு வந்தது. அறுந்த கழுத்தும் நினைவுக்கு வந்தது.

"என் தம்பிங்க. அந்த ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லன்னு கையெழுத்து போட்டுகீறானே, அவன்தான்" என்றேன்.

அதிகாரி இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விடிகாலையில், ஊரார் முன்னால், மறுபடியும் எண்ண வேண்டும் என்று எழுதிவிட்டார்.

ஜூலையில் நீ எழுதிய ஒப்புதல் கடிதத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. அது அக்காளுக்கு எழுதியது. மற்றவை கவுதாரிகளுக்கு எழுதியவை.

உன் வேலை போயிருக்கும். போகட்டும்.

ராஜாமணி

*

ஹைதராபாத்
20.1.2002

அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

வேலை செப்டம்பரிலேயே போய்விட்டது. ஒரு டுடோரியலில் பாடம் எடுக்கிறேன். அதற்காக உன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆரம்பத்தில் இருந்தது, இப்போது இல்லை.

அக்டோபரில் எண்ண வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் வருகிறேன் என்று எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். எந்த முகத்தோடு வந்து அந்த வண்டிப்பாதையில் நிற்பது? என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

நாலு மாதமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பழைய வழக்கம் என்று வைத்துக்கொள்.

களாமேட்டு ஜோடி சுகமா?

தமிழ்வாணன்

*

வடக்குப்பட்டு
2.2.2002

தமிழ்வாணனுக்கு,

உன் மாமாவின் இருமல் நின்றுவிட்டது. சுபஸ்ரீ காஞ்சிபுரத்தில் காலேஜ் போகிறாள், விலங்கியல் எடுத்திருக்கிறாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

அக்டோபர் 14ஆம் தேதி ஐந்து மணிக்கே வந்தார்கள். வனத்துறையிலிருந்து இரண்டு பேர், ஒரு காலேஜ் வாத்தியார், ஊரில் பாதிப் பேர். உலகம்மாள் எல்லோருக்கும் முன்னால் போய், சத்தம் வந்த திசையை எல்லாம் கை நீட்டிக் காட்டினாள். நாலு இடத்தில் ஜோடியாக இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின வருஷம் அதே அக்டோபரில் நான் உனக்குப் பதிமூன்று ஜோடி என்று எழுதியிருந்தேன், உன் நோட்டில் பார். நாலு போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, களாமேட்டையும் ஈச்சங்குட்டையையும் சேர்த்து முப்பது ஏக்கரை விட்டுவிடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. மீதி அறுபதில் பொக்லைன் ஓடுகிறது. செங்கல் கிணற்றை மூடிவிட்டார்கள்.

இந்த முப்பதும் நீ எழுதிய கடிதங்களால் மிஞ்சியது. போன அறுபதும் நீ எழுதியதால் போனது. இரண்டையும் நீயே வைத்துக்கொள். எனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியவில்லை.

களாமேட்டு ஜோடி சுகமா என்று கேட்டிருக்கிறாய். நான் எந்தப் பெட்டையை அறுத்தேன் என்று மே மாதமே எழுதினேன். எழுத்தை எண்ணி எண்ணிப் படிக்கிறவன் நீ, அதை மட்டும் எப்படிப் படித்தாய்?

களாமேட்டில் ஜோடி இல்லை. சேவல் மட்டும் இருக்கிறது. மற்றவை எல்லாம் காலையில் கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு மேயப் போய்விடுகின்றன. இது வெயில் ஏறின பிறகும் கூப்பிடுகிறது. பதினொன்றரைக்கும் கூப்பிடுகிறது. இப்போது வந்திருந்தால் உன் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.

ராஜாமணி